ஊர் ஊரா ஷேக்ஸ்பியர்... வீடே இல்லாத ஒரு குடும்பம்! - ஜெஃப்ரி கெண்டல் கதை

சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுறவங்க, மலை தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு செல்ஃபி எடுத்துடுவாங்க. ஏற்காடு ரோட்டுல தனியா நிக்குற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. உள்ளே ஸ்டூடியோ இல்லை, வாசல் மட்டும் மிச்சம். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போனா ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட். இவ்வளவும் எல்லா ரீல்ஸ்லயும் இருக்கு.

ரீல்ஸ்ல வராத ஒண்ணும் அங்கே இருக்கு. பழைய போர்டிங் ஸ்கூல்கள். 1917-ல் தொடங்கின மான்ட்ஃபோர்ட் பள்ளி, அதுக்கும் முன்னாடியே வந்த சேக்ரட் ஹார்ட் கான்வென்ட். ஏற்காடு, ஊட்டி, டார்ஜிலிங், சிம்லா, முசோரின்னு வெள்ளைக்காரங்க வெயிலுக்குப் பயந்து ஏறின மலைகளில் எல்லாம் ஒரு சர்ச், ஒரு கிளப், கூடவே ஒரு போர்டிங் ஸ்கூல் முளைச்சிடும். அந்த ஸ்கூல்ல ஒரு ஹால், ஹால்ல ஒரு மேடை, பாடப்புத்தகத்துல ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம்.

இந்த மாதிரிப் பள்ளிகளை நம்பி ஒரு இங்கிலாந்துக்காரர் இந்தியாவில் நாடகக் கம்பெனி நடத்தினார். ஒரு சீசன், ரெண்டு சீசன் கூத்து இல்லை இது. மனைவி, ரெண்டு மகள்கள், வேஷத்துணிப் பெட்டிகள் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு, ரயில் ரயிலா மாறி, வாழ்க்கையையே அதுல கரைச்சவர். பேர் ஜெஃப்ரி கெண்டல். பாலிவுட் ஹீரோ சசி கபூரோட மாமனார்னு சொன்னா சிலருக்குத் தெரியலாம். ஆனா, அந்த அடையாளம் அவருக்கு அவ்வளவா பிடிச்சிருக்காது. ஏன்னு பின்னாடி பார்ப்போம்.

அவருடைய நிஜப் பேர் ஜெஃப்ரி பிராக். 1909 செப்டம்பர் 7-ம் தேதி, வட இங்கிலாந்தில் கெண்டல் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். மேடைக்கு வந்ததும் அப்பா கொடுத்த குடும்பப் பேரைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்ப் பேரை மாட்டிக்கொண்டார். சீர்காழி, பட்டுக்கோட்டை என்று ஊரைச் சொன்னாலே ஆளைத் தெரிந்துகொள்கிற நமக்கு இதில் ஆச்சர்யம் ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றி நாடகம் போடும் கம்பெனிகளில் நடித்துத் தொழில் கற்றார். உடன் நடித்த லாரா லிடெல் மனைவி ஆனார். 1933-ல் மூத்த மகள் ஜெனிஃபர் பிறந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். அந்தக் காலத்து இங்கிலாந்தில், கம்பெனியை நடத்துறவரும் அவரே, டைரக்டரும் அவரே, ராஜபார்ட்டும் அவரே என்கிற ஒரு வகை ஆட்கள் இருந்தாங்க. நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? பாய்ஸ் கம்பெனி வாத்தியார்களும், டி.கே.எஸ். சகோதரர்களும், நவாப் ராஜமாணிக்கமும் செஞ்ச அதே வேலைதான். ஊர் ஊரா கொட்டகை, ராத்திரி நாடகம், காலையில மூட்டை கட்டு, அடுத்த ஊர். வசூல் ஆனா சோறு, மழை பெஞ்சா பட்டினி. இங்கிலாந்தில் அந்த வகை மறைஞ்சுக்கிட்டு இருந்த காலத்தில்தான் கெண்டல் அதைத் தலையில் தூக்கி வெச்சுக்கிட்டார்.

முதலில் இந்தியாவுக்கு அவர் வந்தது 1944-ல், இரண்டாம் உலகப்போர் நேரம். போர்முனைப் படைவீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் 'என்சா' என்ற அமைப்பு அவரை அனுப்பியது. சுற்றுப்பயணம் முடிந்தது, ஊர் திரும்பினார். ஆனால், இந்த நாடு மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. 1946 செப்டம்பரில் இரண்டாவது மகள் ஃபெலிசிட்டி பிறந்தாள். ஒன்பது மாதக் குழந்தையாக, 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். வசனம் இல்லாத வேஷம்தான். ஆனாலும் அந்த வீட்டில் சம்பாதிக்கத் தொடங்கும் வயது அதுதான் போல.

1947-ல் 'ஷேக்ஸ்பியரானா' என்று கம்பெனிக்குப் பேர் வைத்து, மறுபடி இந்தியாவுக்குக் கிளம்பினார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இருநூறு வருஷமா இருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் இங்கிருந்து மூட்டை கட்டிட்டு இருக்காங்க. இவர் மூட்டையோட வந்து இறங்குறார்! அதுவும் எதை விற்க? வெள்ளைக்காரன் நம்ம பிள்ளைகள் தலையில கட்டின பாடப்புத்தகத்தை!

பார்க்கிறதுக்குப் பைத்தியக்காரத்தனமா தெரியும். ஆனா, கெண்டல் கணக்கு வேற. ஆட்சிதான் போகுது, சிலபஸ் போகலையே. கல்கத்தா காலேஜ்லயும் மலை ஸ்கூல்லயும் பிள்ளைங்க 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்', 'ஜூலியஸ் சீசர்', 'மேக்பெத்' எல்லாத்தையும் அடிக்குறிப்போட மனப்பாடம் பண்ணிட்டு இருக்காங்க. அந்த வரிகளை ஒரு மனுஷன் வாயால, கோபமா, அழுகையா பேசி அவங்க பார்த்ததே இல்லை. சீசரைக் குத்தும்போது முன்வரிசைப் பையன் எழுந்து நிக்கணும். பரீட்சைக்கு வரும் பாடம்னு ஹெட்மாஸ்டர் ஹாலைக் கொடுப்பார். பையன் பாடத்துக்காக வந்து, நாடகத்தைப் பார்த்துட்டுப் போவான். இதுதான் அவருடைய பிசினஸ் மாடல்.

நமக்கும் இந்த ஆளுக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரைத்தான் சொல்றேன். பம்மல் சம்பந்த முதலியார் அதுக்கும் பல வருஷம் முன்னாடியே ஹேம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி, மேக்பெத்தை 'மகபதி' ஆக்கி, வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கி நம்ம மேடையில ஏத்திட்டார். 'ரத்தத் திலகம்' படத்துல சிவாஜி ஒத்தெல்லோவா வருவார், 'ராஜபார்ட் ரங்கதுரை'யில ஹேம்லெட்டா வருவார். அதனால, கெண்டல் இங்கே கொண்டுவந்தது தெரியாத சரக்கு இல்லை. தெரிஞ்ச சரக்கை, அதன் சொந்த மொழியில, தொழில் தெரிஞ்ச ஆட்களை வெச்சு, ஸ்கூல் வாசலுக்கே கொண்டுவந்தார்.

கல்கத்தாவில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி மாணவர்கள் போட்ட 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் பார்த்த கெண்டல், அதில் நடித்த 18 வயதுப் பையனைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். அவர் பேர் உத்பல் தத். பிற்காலத்தில் வங்காள நாடகத்தின் பெரும்புள்ளி. நமக்கு அடையாளம் சொல்லணும்னா, நம்ம 'தில்லு முல்லு'வில் தேங்காய் சீனிவாசன் மீசை வெறியரா கலக்கினாரே, அதன் இந்தி மூலமான 'கோல்மால்' படத்தில் அந்தக் கேரக்டரைச் செய்தவர். கெண்டலிடம்தான் அவர் தொழில்முறை நாடகம் கற்றார். நேரத்துக்கு ஒத்திகை, வசனத்தில் ஒரு சொல் பிசகாமை, ராஜா வேஷம் போட்டவனும் பெட்டி தூக்கணும் என்கிற ஒழுங்கு. ஆனால், சிஷ்யர் போன பாதை வேறு. ஆங்கிலத்தில் நடித்தால் யாருக்காக நடிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு வங்காளத்துக்கும், கிராமத்து ஜாத்ராவுக்கும், இடதுசாரி அரசியலுக்கும் போனார். 1965-ல், கடற்படைக் கலகத்தைப் பற்றிய 'கல்லோல்' நாடகம் பரபரப்பாக ஓடிய காலத்தில் அவர் சிறையில் இருந்தார். பிரிட்டிஷ் வாத்தியாரிடம் கற்ற தொழில், பிரிட்டிஷாருக்கு எதிரான கலகத்தை மேடையேற்றப் பயன்பட்டது.

முதல் சுற்று முடிந்து கம்பெனி இங்கிலாந்து திரும்பியது. 1953-ல் மறுபடி வந்தார்கள். இந்தச் சுற்றுதான் அசுரத்தனம். 1953 ஜூன் முதல் 1956 டிசம்பர் வரைக்குமான மூன்றரை வருஷத்தில் 879 காட்சிகள். கணக்குப் போட்டால் மூணு நாளைக்கு ரெண்டு நாடகம். நடுவில் ரயில் பயணம், பெட்டி இறக்குவது, மேடை கட்டுவது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் உண்டு. ஷேக்ஸ்பியர் மட்டும் இல்லை, பெர்னாட் ஷாவும் ஷெரிடனும் கைவசம் வைத்திருந்தார்கள். ஆட்கள் குறைவு. அதனால் ஒருத்தரே ரெண்டு மூணு வேஷம். நேற்று அரண்மனையில் ராஜா முன்னாடி, இன்றைக்குச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்த பிள்ளைகள் முன்னாடி. இரண்டுக்கும் ஒரே நாடகம், ஒரே ஒத்தெல்லோ.

வீடு? வீடே கிடையாது. ஹோட்டல் அறை, ஸ்கூல் விருந்தினர் அறை, ரயில் பெட்டி. ஏழு வயதில் இந்தியா வந்த ஃபெலிசிட்டி, கம்பெனி போகும் ஊருக்கெல்லாம் போய், ஆறு வெவ்வேறு லொரேட்டோ கான்வென்ட்களில் படித்தாள். படிப்பு பாதி, மேடை பாதி. மற்ற பிள்ளைகள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்த வசனத்தை அவள் சாயங்காலம் பவுடர் பூசிக்கொண்டு பேசினாள். கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், ஒரு தோழியோடு ரெண்டு வருஷம் சேர்ந்தாற்போல ஒரே பெஞ்சில் உட்கார முடியாத குழந்தைப் பருவம் அது. கெண்டலுக்கு இது தப்பாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. நாடோடி வாழ்க்கைதான் நல்ல வாழ்க்கை என்று நிஜமாகவே நம்பியவர் அவர். நம்பிக்கை அவருடையது, விலையைக் கொடுத்தது வீட்டுப் பெண்கள்.

அந்த விலை முதலில் ஜெனிஃபர் வழியாக வெளியே தெரிந்தது.

1956. ஜெனிஃபருக்கு 23 வயது. கம்பெனியின் கதாநாயகி. அந்தப் பக்கம் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸ். அதுவும் ஊர் சுற்றும் நாடகக் கம்பெனிதான், இந்தியில். பிருத்விராஜின் கடைசி மகன் சசிக்கு 18 வயது. இரண்டு கம்பெனிப் பிள்ளைகளும் சந்தித்தார்கள், காதலித்தார்கள். கெண்டலுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை இந்தியர் என்பதுதான் காரணம் என்று நீங்கள் நினைத்தால் அது பாதிகூட இல்லை. மகளைவிட, தன் போர்ஷியாவை, தன் டெஸ்டிமோனாவை விட்டுக்கொடுக்க முடியவில்லை அவரால். நம்ம நாடகக் கம்பெனி முதலாளிகள் ஸ்த்ரீபார்ட் நடிகரை அடுத்த கம்பெனி கொத்திக்கிட்டுப் போயிடுமோன்னு பயந்த அதே பயம். இங்கே அந்த நடிகை சொந்த மகள், அவ்வளவுதான்.

சசி, ஷேக்ஸ்பியரானாவிலேயே சேர்ந்து நடித்தார். மாமனாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, மாமனாரிடம் திட்டும் வாங்கினார். கடைசியில் இருவரும் வெளியேறினார்கள். சிங்கப்பூர் பக்கம் போயிருந்தபோது கையில் காசில்லாமல் நின்ற ஜோடிக்கு அண்ணன் ராஜ் கபூர்தான் டிக்கெட் அனுப்பி ஊர் சேர்த்தார். 1958 ஜூலையில் பம்பாயில் கல்யாணம். சசிக்கு 20 வயது. சினிமாவுக்குப் போனதே குடும்பத்தைக் காப்பாற்றத்தான். ஜெனிஃபர் இல்லாத ஷேக்ஸ்பியரானா அதற்குப் பிறகும் ஓடியது. ஆனால், ஃபெலிசிட்டி வளர்ந்துதான் அந்த இடத்தை நிரப்பவேண்டியிருந்தது.

அறுபதுகள் வந்தன. சினிமாக் கொட்டகை எல்லா ஊருக்கும் வந்தாச்சு. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலர்ல காட்டிட்டது. மேடையில் நடிச்சவங்க எல்லாம் அந்த மாதிரி ஸ்டூடியோ வாசல்களில் நின்ன காலம். இதில் ஒரு வேடிக்கை. மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்துக்குப் போய்ப் படிச்சு, அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவர். வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து சினிமா ஃபேக்டரியே கட்டினார். கெண்டல் அதே இங்கிலாந்தில் இருந்து கிளம்பி வந்து, சினிமாவே இல்லாத மாதிரி நடந்துக்கிட்டார்.

ஆனால், சினிமா அவரை விடவில்லை. இஸ்மாயில் மெர்ச்சன்ட், ஜேம்ஸ் ஐவரி என்று இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இந்தியாவில் அலையும் ஆங்கில நாடகக் கம்பெனி பற்றி ஒரு படம். கெண்டல் 1947-ல் எழுதிய டைரிதான் விதை. திரைக்கதை ரூத் பிராவர் ஜாப்வாலா. இசை, சத்யஜித் ராய். பணம் குறைவு என்பதால் கறுப்பு வெள்ளை. 1965-ல் வெளிவந்த அந்தப் படத்தின் பேர் 'ஷேக்ஸ்பியர் வாலா'. கெண்டலே கம்பெனித் தலைவர். லாரா அவர் மனைவி. ஃபெலிசிட்டி மகள். சசி கபூர்தான் அந்தப் பெண் காதலிக்கும் பணக்காரப் பையன். ஜெனிஃபரும் ஒரு சின்ன வேஷத்தில் உண்டு. நம்ம உத்பல் தத், நாடகம் பார்க்கும் மகாராஜா. குடும்பமே குடும்பமாக நடித்த படம்.

கதை என்ன? சுதந்திரத்துக்குப் பிறகு, கூட்டம் குறைந்து, காட்சிகள் ரத்தாகி, மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனி. ஒத்தெல்லோவின் கொலைக் காட்சி உச்சத்தில் இருக்கும்போது பால்கனியில் ஒரு சினிமா நடிகை நுழைவார். மொத்தக் கூட்டமும் மேடையை விட்டுட்டு அவரைத் திரும்பிப் பார்க்கும். நடிகையாக வந்த மதுர் ஜாஃப்ரிக்கு பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருதே கிடைத்தது. 'ராஜபார்ட் ரங்கதுரை' பார்த்து அழுதவங்களுக்கு இந்தப் படம் உடனே புரியும். கடைசியில், அப்பா அம்மா மகளை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள்.

உலகமே படத்தைக் கொண்டாடியது. கெண்டல் மட்டும் கடுப்பானார். தோற்றுப்போன கிழவனாகத் தன்னைக் காட்டிவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை. நாங்கள் அப்படித் தேய்ந்துபோகவில்லை, ஹால் நிறைந்த நாட்கள்தான் அதிகம் என்பது கடைசிவரை அவர் கட்சி. பிறகு தன் சுயசரிதைக்கும் அதே தலைப்பை வைத்து, 1986-ல் தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். யார் சொன்னது சரி? எனக்கு ரெண்டுமே சரின்னுதான் படுது. 879 காட்சி போட்ட மனுஷன் தோற்றவர் இல்லை. அதே சமயம், அவருக்குப் பிறகு அந்தக் கம்பெனியை எடுத்து நடத்த ஒருத்தர்கூட இல்லை என்பதும் நிஜம்.

படம் சொன்னது ஒரு விஷயத்தில் அப்படியே பலித்தது. 17 வயதில் கல்கத்தாவில் டைஃபாய்டு வந்து பிழைத்த ஃபெலிசிட்டி, அறுபதுகளின் நடுவில் நிஜமாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டாள்.  பத்து வருஷம் கழித்து, 1975-ல் பிபிசி-யின் 'தி குட் லைஃப்' தொடர் வந்தது. நாடே அவளைக் கொண்டாடியது. அப்பா வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகத் தேடின கூட்டம், மகளுக்கு டி.வி பெட்டி வழியாக ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது.

பெரிய மகளோ, அப்பாவிடம் கற்றதை வேறு மாதிரி வைத்துக்கொண்டார். 1978 நவம்பர் 5. பம்பாய் ஜூஹுவில் ஜெனிஃபரும் சசியும் பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள். மாமனார் பிருத்விராஜ் பேரில் ஒரு நிரந்தர நாடக அரங்கம். சின்ன அரங்கம்தான், 200 பேர் உட்காரலாம். நடிகரின் மூச்சு கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ரயில் பெட்டியில் வளர்ந்த பெண், நாடகத்துக்கு ஒரு வீடு கட்டினார்.

கோபதாபம் எல்லாம் அதற்குள் ஆறிவிட்டது. 1981-ல் சசி தயாரித்து, அபர்ணா சென் இயக்கிய '36 சௌரங்கி லேன்' படத்தில் ஜெனிஃபர்தான் நாயகி. கல்கத்தாப் பள்ளி ஒன்றில் ஷேக்ஸ்பியர் நடத்தும், தனியாக வாழும் ஆங்கிலோ இந்திய டீச்சர். முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருடைய அண்ணனாக நடித்தவர், கெண்டல். மேடையில் மகளை ஆட்டிவைத்த அப்பா, மகளின் படத்தில் ஒரு சின்ன வேஷத்துக்கு வந்து போனார். கடைசிக் காட்சியில் அந்த டீச்சர், யாரும் இல்லாத ராத்திரியில் ஒரு தெருநாய்க்கு 'லியர் ராஜா' வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடப்பார். ஓடிடி-யில கிடைச்சா பார்த்துடுங்க பாஸ், அந்த ஒரு சீனுக்காகவே.

மூன்றே வருஷம். புற்றுநோய் வந்து ஜெனிஃபர் லண்டனில் இறந்தார். வயது 51. தேதி, 1984 செப்டம்பர் 7. அன்றைக்கு அப்பாவுக்கு 75-வது பிறந்தநாள்.

1992-ல் லாராவும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கெண்டல் இருந்தது ஆறு வருஷம். கடைசியில் நினைவு தப்பிக் கிடந்த அப்பாவின் படுக்கை பக்கத்தில் ஃபெலிசிட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சே தொழிலாக வாழ்ந்தவர் பேச்சில்லாமல் கிடந்தார். மகள், ரயில்களையும் மலைகளையும் ஸ்கூல் மேடைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அந்த நினைவுகள் 'ஒயிட் கார்கோ' என்ற புத்தகம் ஆயின. 1998 மே 14-ம் தேதி லண்டனில் கெண்டல் காலமானார். புத்தகம் அதே வருஷம் வெளிவந்தது. கெண்டல் ஷேக்ஸ்பியரை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கிய நாட்டில், அவர் மகள் கட்டிய ஜூஹு அரங்கத்தில் இன்னமும் நாடகம் நடக்கிறது. பேரன் குணால் பார்த்துக்கொள்கிறார்.